ஈரம் இருப்பது காகிதத்தில்

பெரிய மின்மாற்றி ஒன்றில் ஈரம் எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் எண்ணெயைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். போத்தலில் பிடிக்கலாம், ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம், அறிக்கையில் ஓர் எண் வரும், கோப்பில் போட்டு வைக்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 தொன் எண்ணெய், அதில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு நீர் என்று வைப்போம். மொத்தம் ஒரு கிலோ. ஒரு லீற்றர் போத்தலில் அடங்கிவிடும். அதே தாங்கிக்குள், செப்புச் சுருள்களைச் சுற்றியும் அவற்றுக்கு நடுவிலும், 8 தொன் காகிதமும் பிரஸ்போர்ட் அட்டையும் இருக்கின்றன. அவற்றின் எடையில் 3 சதவீதம் ஈரமென்றால் 240 லீற்றர். ஓர் எண்ணெய்ப் பீப்பாய் நிரம்பி வழியும்.

எண்ணெயை வடிகட்டிக்கொண்டே இருக்கிறவன் அந்த ஒரு போத்தலைத் துரத்துகிறான். பீப்பாய் உள்ளே அசையாமல் கிடக்கிறது. இந்தத் தொழிலில் நான் கற்றதில் பாதிக்கு மேல் இந்த ஒரு கணக்கில் அடங்கும். மீதி, அந்தப் பீப்பாயை எப்படி வெளியே எடுப்பது என்பது.

வளைகுடாவில் ஒரு களத்தில், பெயர் வேண்டாம், பழைய மின்மாற்றி ஒன்றுக்குப் பில்டர் மெசின் பூட்டி இரவு பகலாக ஓட விட்டிருந்தார்கள். நம்மூர்ப் பெடியன் ஒருவன் சந்தோசமாக ஓடி வந்தான்.

"நானா, பீ.டி.வி. எண்பது வந்திட்டுது! இனிக் கழட்டலாந்தானே?"

இரண்டரை மில்லிமீற்றர் இடைவெளியில் எண்ணெய் 80 கிலோவோல்ற் தாங்கினால் அது நல்ல எண்ணெய்தான். கேட்பது 60. "எண்ணெய் நல்லாத்தான் இரிக்கி தம்பி. ட்ரான்ஸ்போமரை யாரு பார்த்தது?" என்று கேட்டேன். வேலையைக் கொடுத்தவருக்குத் தேவைப்பட்டது சான்றிதழ். அது கிடைத்தது, மெசினைக் கழற்றினார்கள். கொஞ்ச வாரம் சுமையோடு ஓடி உள்ளே சூடேறியதும் காகிதம் தன் ஈரத்தில் ஒரு துளியை எண்ணெய்க்குத் திருப்பிக் கொடுத்தது. அந்தத் துளி போதும், அறிக்கையின் எண் பழைய இடத்துக்கே வந்துவிட.

இங்கே இன்னொரு பொறியும் உண்டு. 20 பாகையில் இருக்கும் கனிம எண்ணெய் பத்து லட்சத்துக்கு 55 பங்கு நீரோடு நிறைந்துவிடும். 80 பாகையில் அதே எண்ணெய் 450 பங்கு வரை கரைத்து வைத்துக்கொள்ளும். ஆகவே வெப்பநிலை எழுதாத ஈர அறிக்கை எனக்கு ஒன்றுமே சொல்வதில்லை. 20 பங்கு என்பது குளிர்ந்த எண்ணெயில் ஆபத்தின் வாசல், கொதிக்கும் எண்ணெயில் வறட்சி. மாதிரி எடுக்கும்போது தாங்கி எத்தனை பாகையில் இருந்தது என்று போத்தலின் மேலேயே எழுத வேண்டும். எத்தனையோ அறிக்கைகளில் அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடக்கும்.

ஈரம் என்ன செய்கிறது? காகிதம் என்பது செலுலோஸ். நீண்ட சங்கிலிகளால் ஆனது. புதுக் காகிதத்தில் ஒரு சங்கிலியில் சராசரியாக 1000 முதல் 1200 கண்ணிகள். அது 200 அளவுக்கு இறங்கினால் காகிதத்துக்கு வலு கிடையாது, விரலால் தொட்டாலே உதிரும். ஈரம் இரு மடங்கானால் சங்கிலி அறுபடும் வேகமும் ஏறத்தாழ இரு மடங்காகும். அறுபடும்போது அதிலிருந்தே இன்னும் நீர் பிறக்கும். தனக்குத் தானே நெருப்பு மூட்டும் வியாதி. இதைவிட அவசரமான ஆபத்தும் இருக்கிறது. 2 சதவீத ஈரமுள்ள காகிதத்தில் சுருளின் மிகச் சூடான இடம் 140 பாகையை எட்டினால் நீராவிக் குமிழிகள் வரத் தொடங்கும். ஈரம் கூடக் கூட அந்த வரம்பு கீழே இறங்கும். உயர் மின்னழுத்தத்துக்கு நடுவில் ஒரு குமிழி போதும், கதை முடிய. எண்ணெயைத் துளைத்துப் பாய வேண்டிய மின்வில் குமிழியை இலேசாகத் துளைத்துவிடும்.

ஈரம் உள்ளே வர வழிகள் பல. தேய்ந்த கஸ்கெற், சுவாசியில் நிறம் மாறியும் மாற்றப்படாத சிலிக்கா ஜெல், திருத்த வேலைக்காகத் திறந்து வைத்த மூடி. மன்னாரில் இந்தக் கடைசிதான் மோசம்.

எங்கள் மன்னார்த் தீவு வறண்ட வலயத்தைச் சேர்ந்தது. மழை வருசத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் மில்லிமீற்றர், அதிலும் பெரும்பகுதி ஒக்ரோபர் தொடங்கி டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் எங்கள் ஊரான தாராபுரத்துத் தெருவில் மண் பறக்கும். வெளியிலிருந்து வரும் பொறியியலாளர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இங்கே ஈரப் பிரச்சினை குறைவாக இருக்கும்" என்பார்கள். மண்ணைப் பார்க்கக் கூடாது, காற்றைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் கடல் கிட்ட இருக்கும் இந்த மணல்திட்டில் காற்றின் பனிபடுநிலை சர்வசாதாரணமாக 23, 24 பாகை. ஒரு கன மீற்றர் காற்றில் 20 கிராமுக்கு மேல் நீராவி. மின்மாற்றியைத் திறந்து வைக்கும்போது உள்ளே ஊதுவதற்கென்று கொண்டு வரும் உலர்காற்றின் பனிபடுநிலை சுழியத்துக்குக் கீழே 40 பாகை. அதில் ஒரு கன மீற்றருக்கு ஒரு கிராமின் எட்டில் ஒரு பங்குகூட நீர் இராது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் நாங்கள் வேலை செய்கிறோம். மூடியைத் திறந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவனை நான் களத்தில் வைத்திருப்பதில்லை.

2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் இலங்கை மின்சார சபை கட்டியது. தீவின் தென் கரையோரம் வெஸ்டாஸ் நிறுவனத்தின் 30 காற்றாடிகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவோற், மொத்தம் 103.5. அவற்றின் தலைக்குள் இருக்கும் மின்மாற்றிகள் எண்ணெய் இல்லாத ரெசின் வகை. மின்சாரம் 33 கிலோவோல்ற்றில் நிலத்தடிக் கேபிள் வழியாக நடுக்குடா உபநிலையத்துக்கு வருகிறது, அங்கேதான் எண்ணெய் நிறைந்த பெரிய மின்மாற்றிகள் அதை 220 கிலோவோல்ற்றுக்கு உயர்த்தித் தீவுக்கு வெளியே அனுப்புகின்றன. பறவைகள் வலசை வரும் பாதை, மீனவரின் கரைவலைப் பாடு, மழைவெள்ளம் தேங்குவது என்று காற்றாலைகளைப் பற்றி ஊரில் கோபமும் கேள்விகளும் நிறைய. அவை நியாயமான கேள்விகள், இந்தக் கட்டுரைக்குள் அடங்குபவையல்ல. நான் பார்ப்பது நடுக்குடாவில் சரளைக் கற்களுக்கு மேலே நிற்கும் அந்த இரும்புத் தாங்கிகளை. அவற்றில் எதற்கு எப்போது என்ன ஈரம் என்பதோடு எனக்குச் சம்பந்தமில்லை. ஆனால் அந்த வகைச் சாமான் இந்த வகை இடத்தில் என்றோ ஒரு நாள் உலர்த்தப்பட வேண்டி வரும் என்பது தெரியும்.

வந்தால் எங்கே கொண்டு போவது? தீவுக்குத் தெரு வழி ஒன்றுதான், தாம்போதி. அதன் பாலம் 1990இல் போரில் உடைந்தது, ஜப்பானிய உதவியோடு 2010இல்தான் புதிதாகத் திறந்தார்கள். ரயில் தலைமன்னார் வரை திரும்ப ஓடத் தொடங்கியது 2015 மார்ச்சில். நூறு தொன்னை ஒட்டிய ஒரு பொருளை எண்ணெய் வடித்து, புஷிங் கழற்றி, பல அச்சு இழுவையில் ஏற்றி, கொழும்புத் துறைமுகத்துக்கும் அங்கிருந்து கப்பலில் வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கும் அனுப்பி, திரும்பவும் அதே வழியில் கொண்டு வருவதென்றால் மாதங்கள் போகும். போகிற வழியில் ஒரு குலுக்கல் போதும், சுருள் நகர. அதனால்தான் உலகம் முழுவதும் தொழிற்சாலையையே களத்துக்குக் கொண்டு போகும் முறை வளர்ந்தது. தொழிற்சாலையில் இதற்கென்றே மண்ணெண்ணெய் ஆவி அறை இருக்கிறது: வெற்றிடத்துக்குள் ஒரு வகை மண்ணெண்ணெயின் ஆவியை விட்டு, அது காகிதத்தின் மேல் ஒடுங்கும்போது தரும் வெப்பத்தால் 125 பாகைக்கு மேல் சூடாக்குவார்கள். களத்தில் அந்த அறை கிடையாது. மின்மாற்றியின் தாங்கியே அடுப்பு, அதுவே வெக்கியூம் அறை.

நான் தாராபுரத்தில் பிறந்து, 1990 ஒக்ரோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது வாப்பா உம்மாவோடு படகில் கற்பிட்டிக்குப் போனவன். புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்து, மோட்டர் சுற்றும் கடையில் செப்புக் கம்பியைத் தொட்டு, அங்கிருந்து வளைகுடா போய் இந்த வேலைக்குள் விழுந்தேன். மோட்டர் கடையில் வார்னிஷ் போட்ட சுருளை பல்ப் எரிய விட்ட பெட்டிக்குள் வைத்துக் காயவைப்போம். அடிப்படை அதேதான். அளவு மட்டும் பயமுறுத்தும்.

உலர்த்துவதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். காகிதம் சூடாக வேண்டும், அதைச் சுற்றியுள்ள நீராவி அழுத்தம் குறைய வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும் என்பதுதான் இந்தத் தொழிலின் முழுச் சிக்கலும். வெற்றிடத்தில் வெப்பம் இலேசில் போகாது. காற்றுமில்லை, எண்ணெயுமில்லை என்றால் எதன் வழியாகப் போகும்? தாங்கியை வெளியிலிருந்து எவ்வளவு சூடாக்கினாலும் நடுவில் தொங்கும் சுருளுக்கு அது எட்டாது. அதே நேரம் நீர் ஆவியாகும்போது ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 2,300 கிலோஜூல் வெப்பத்தைக் காகிதத்திடமிருந்தே உறிஞ்சிக்கொண்டு போகும். பம்பு நன்றாக வேலை செய்யச் செய்யச் சுருள் குளிரும், குளிரக் குளிர உலர்த்தல் நின்றுவிடும். தாங்கியின் அடியில் உண்மையாகவே தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் வேடிக்கை. அழுத்தம் 6 மில்லிபாருக்குக் கீழே இறங்கியதும் அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்துவிடும். மானியில் அழுத்தம் அருமையாக இறங்கும், எல்லோரும் கை குலுக்குவார்கள், அடியில் பனிக்கட்டி பத்திரமாக இருக்கும். அதனால் முதலில் அடி வால்வைத் திறந்து கடைசிச் சொட்டு வரை வடிப்பேன், அதன் பிறகுதான் பம்பு.

பேசாலைக் கரையில் மீன் காயவைப்பதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த விசயத்தை விளக்கத் தேவையில்லை. நெத்தலி ஒரே நாளில் கலகலத்துவிடும். கட்டா மீன் வெளியே காய்ந்து தோல் இறுகினாலும் பிளந்து பார்த்தால் நடுவில் ஈரம் நிற்கும். பிரஸ்போர்ட்டும் அப்படித்தான். நீர் அட்டைக்குள்ளிருந்து மெதுவாக ஊர்ந்து மேற்பரப்புக்கு வந்தாக வேண்டும். அதற்கு எடுக்கும் காலம் தடிமனின் வர்க்கத்தோடு போகும். ஒரு மில்லிமீற்றர் அட்டைக்கு எடுத்ததைப் போல நான்கு மில்லிமீற்றர் அட்டைக்குப் பதினாறு மடங்கு. பம்பைப் பெரிதாக்கி இதை அவசரப்படுத்த முடியாது. சூட்டால் மட்டும்தான் முடியும். காகிதத்தின் வெப்பநிலை 60இலிருந்து 80க்கு ஏறினால் நீர் ஊரும் வேகம் ஏறக்குறைய நான்கு மடங்காகும், 80இலிருந்து 110க்கு ஏறினால் அதற்கு மேல் இன்னும் ஆறு மடங்கு. பதினைந்து நாள் வேலையையும் மூன்று நாள் வேலையையும் பிரிப்பது அந்தக் கடைசி முப்பது பாகைதான். சாதாரண முறையில் அதைத் தொட முடிவதில்லை.

சாதாரண முறை என்றால், சூடாக்கிய எண்ணெயைச் சுற்ற விட்டுச் சுருளைச் சூடாக்குவது, பிறகு வேகமாக எண்ணெயை வடித்து வெக்கியூம் பிடிப்பது, சுருள் குளிர்ந்ததும் மறுபடி எண்ணெய் விடுவது. இந்தச் சக்கரம் பல முறை சுற்ற வேண்டும். எண்ணெய் கெடாமல் இருக்க 80 பாகைக்கு மேல் போக நான் விரும்புவதில்லை. தாங்கியைச் சுற்றிக் கண்ணாடிக் கம்பளியும் தறப்பாளும் சுற்றாவிட்டால் அதுவும் கிடைக்காது. சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதத்தில் மன்னாரில் மூடாத தாங்கியைச் சூடாக்குவது கடலைச் சூடாக்குவதற்குச் சமம். வேறொரு வழி, தாங்கியை முழுவதும் நிரப்பாமல் வெக்கியூமுக்குள்ளேயே கொஞ்சம் சூடான எண்ணெயை மேலிருந்து தெளிப்பது. இது நல்ல முறை. எண்ணெயும் வெக்கியூமும் ஒன்றாக வேலை செய்யும். குறை என்னவென்றால், தெளிப்பு படும் மேல் பக்கம் சூடாகும், சுருளின் உட்பக்கமும் அடியும் பின்தங்கும். தெளிக்கும் எண்ணெயும் பழையதன் கசடைக் கழுவிக்கொண்டு வருவதால் வேலை முடிந்ததும் வெளியே போக வேண்டியதுதான்.

நான் மதிக்கும் முறை வேறு. சுருளையே அடுப்பாக்குவது.

குறைந்த மின்னழுத்தப் பக்கச் சுருளைக் குறுக்கிணைத்து உயர் மின்னழுத்தப் பக்கம் மின்னோட்டம் கொடுத்தால் இரண்டு சுருள்களும் செப்பின் தடையால் உள்ளிருந்தே சூடாகும். இது பழைய யோசனை. ஐம்பது ஹேர்ட்ஸில் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 100 எம்.வி.ஏ., 220 கிலோவோல்ற் மின்மாற்றி, மின்மறுப்பு 12 சதவீதம். முழு மின்னோட்டம் ஓட 26,000 வோல்ற் வேண்டும். மூலமோ 12 எம்.வி.ஏ. கொடுக்க வேண்டும். அதில் சூடாக மாறுவது சுமார் 300 கிலோவோற் மட்டும், மற்றதெல்லாம் காந்தப் புலத்தில் போய் வரும் வீண் சவாரி. போதாததற்குச் சிதறும் புலம் தாங்கிச் சுவரையும் இறுக்குத் தகடுகளையும் தாறுமாறாகச் சூடாக்கும். சரி, நேர் மின்னோட்டம் கொடுக்கலாமே? கொடுத்த சுருள் மட்டும் சூடாகும், மற்றச் சுருளில் ஒன்றும் தூண்டப்படாது, உள்ளகம் காந்தமாகிக் கிடக்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதிர்வெண்ணை ஒரு ஹேர்ட்ஸ் அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறக்குவது. அப்போது மின்மறுப்பில் காந்தப் பங்கு ஐம்பதில் ஒன்றாகச் சுருங்கிவிடும், மிச்சம் செப்பின் தடை. மேலே சொன்ன அதே மின்மாற்றியில் முழு மின்னோட்டத்துக்கும் ஆயிரம் வோல்ற்றுக்குள் அடங்கும். அவ்வளவு மெதுவான அலையானாலும் அது மாறும் மின்னோட்டம்தான், ஆகவே குறுக்கிணைத்த சுருளிலும் ஓட்டம் தூண்டப்படும், அதுவும் சூடாகும். லொறியில் ஏற்றி வரக்கூடிய ஓர் அதிர்வெண் மாற்றுக் கருவியும் ஒரு டீசல் ஜெனரேற்றரும் போதும். ஏபிபி நிறுவனம் இந்த முறையைப் பெரிய மின்மாற்றிகளுக்காகக் களத்துக்குக் கொண்டு வந்தது. இப்போது வேறு பலரும் செய்கிறார்கள். காகிதம் செப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் உட்பக்கத்திலிருந்தே சூடாவதால் நீர் உள்ளேயிருந்து வெளியே தள்ளப்படுகிறது, அது போக வேண்டிய திசையும் அதுதான். வெக்கியூம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வெப்பமும் தொடர்ந்து ஏறும். நான் மேலே சொன்ன சண்டை இங்கே தீர்கிறது. சுருளிலிருந்து தள்ளி நிற்கும் தடித்த தடுப்பு அட்டைகளுக்கும் இறுக்கு வளையங்களுக்கும் மட்டும் இந்தச் சூடு போதாது, அவற்றுக்கு எண்ணெய்த் தெளிப்பையும் சேர்த்துக்கொள்வோம்.

உள்ளே எத்தனை பாகை என்று எப்படித் தெரியும்? வெற்றிடத்துக்குள் சுருளின் நடுவில் வெப்பமானி வைக்க முடியாது. செப்பே சொல்லும். சூடேறினால் அதன் தடை ஏறும். 235ஐ வெப்பநிலையோடு கூட்டினால் வரும் எண்ணோடு தடை நேர்விகிதத்தில் போகும். 30 பாகையில் 265, 110 பாகையில் 345. ஆகவே ஆரம்பத்தில் அளந்த தடை 30 சதவீதம் ஏறினால் சுருள் சராசரியாக 110ஐத் தொட்டிருக்கிறது. இதற்கு ஒரே நிபந்தனை, தொடக்க அளவு பிழையில்லாமல் இருக்க வேண்டும். மின்மாற்றி முழுவதும் ஒரே வெப்பநிலைக்கு வந்த அதிகாலையில் அதை எடுப்பேன். வெயில் ஏறித் தாங்கியின் கிழக்குப் பக்கம் சுடத் தொடங்கிய பிறகு எடுத்த அளவை நம்புவதில்லை. சராசரி என்ற சொல்லையும் மறக்கக் கூடாது. சராசரி 110 என்றால் எங்கேயோ ஒரு மூலை 120இல் நிற்கும். ஆகவே 110க்கு ஆசைப்படும் இடத்திலும் கொஞ்சம் கீழேயே நிறுத்துவது என் பழக்கம்.

மின்னழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெக்கியூமில் இருக்கும் மின்மாற்றிக்குக் காப்பை அளக்கும் மெக்கரைப் போடாதே என்று ஒவ்வொரு களத்திலும் முதல் நாளே சொல்லுவேன். வெற்றிடம் நல்ல காப்பு என்று படித்தவர்கள் நினைப்பார்கள். முழு வெற்றிடம் அப்படித்தான். நாங்கள் பிடிப்பது முழு வெற்றிடமில்லை, ஒரு மில்லிபாரும் அதற்குக் கீழேயும். அந்த அரைகுறை நிலையில் காற்று மிகப் பலவீனமானது. ஃபிரெட்ரிக் பாஷன் 1889இல் கண்ட விதிப்படி, அழுத்தமும் இடைவெளியும் சரியாகப் பொருந்தினால் 330 வோல்ற்றுக்கே காற்று உடையும். 220 கிலோவோல்ற் தாங்கும் இயந்திரத்துக்குள் ஆயிரம் வோல்ற் மெக்கர் தீப்பொறி பறக்க வைக்கும். மெதுவான அலை முறையிலும் இதனால்தான் வெக்கியூம் இறங்க இறங்க மின்னழுத்தத்துக்குக் கட்டுப்பாடு வைக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓட்டை தேட வேண்டும். இந்த வேலைக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன், மற்றவர்களுக்கு அலுத்துப் போகும் அளவுக்கு. முதலில் உலர்காற்றால் இலேசாக அழுத்தம் ஏற்றி ஒவ்வொரு இணைப்பிலும் சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பது. வெக்கியூம் பிடித்த பிறகு நுரை பயன்படாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு பம்பை ஓட விட்டு வால்வை மூடிவிட்டு அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று தாளில் குறிப்பது. நேர்கோடாக, சலிக்காமல் ஏறினால் அது ஓட்டை. வெளிக்காற்று என்றைக்கும் தீராது. வேகமாக ஏறி, வளைந்து, மெதுவாகத் தட்டையானால் அது உள்ளிருந்து வரும் ஈரம். இரண்டும் கலந்து வந்தால் வளைவுக்கு அப்பால் ஒரு சாய்ந்த கோடு நிற்கும். கணினித் திரையில் இப்போது இதெல்லாம் தானாக வரைந்து வருகிறது. இருந்தும் பெடியன்களைக் கையால் குறிக்கச் சொல்லுவேன். அரை மணிக்கு ஒரு தடவை எழுதுகிறவனுக்குக் கோடு வளையத் தொடங்கும் இடம் எண்ணிலேயே புரிந்துவிடும். நடுச்சாமத்தில் ஒருவன் வந்து "நானா, இப்ப மடங்குது" என்று சொன்னால் அவன் இனி இந்த வேலைக்காரன்.

ஓட்டை பெரும்பாலும் யாரும் பார்க்காத இடத்தில்தான் இருக்கும். ரேடியேற்றர் வால்வின் தண்டு, டாப் சேஞ்சர் பெட்டிக்கும் தாங்கிக்கும் நடுவே போடும் சமப்படுத்தும் குழாய், வெப்பமானிக் குழி. வெக்கியூம் தாங்காத சாமான்களைத் தனியாக மூடி வைத்தோமா என்பதும் இந்தச் சுற்றிலேயே பார்க்க வேண்டும். மேல்தாங்கிக்குள் இருக்கும் றப்பர்ப் பையை மறந்து வெக்கியூம் கொடுத்தால் அது கிழியும்.

பிறகு காத்திருப்பு. பம்புக்கு முன்னால் ஒரு பாத்திரத்தை மிகக் குளிராக வைத்திருப்போம், கோல்ட் ட்ராப் என்போம். வெளியேறும் நீராவி அதில் பனியாக ஒட்டிக்கொள்ளும். குறித்த நேரத்துக்கு ஒரு முறை அதை உருக்கி அளவு சாடியில் ஊற்றினால் பீப்பாயிலிருந்து இன்று எவ்வளவு வந்தது என்று கண்ணால் பார்க்கலாம். முதலில் லீற்றர் கணக்கில் வரும். அப்புறம் கோப்பை. அப்புறம் சிரட்டை அளவு. மணிக்குச் சில கிராம் என்று இறங்கியதும் எல்லோரும் முடிந்தது என்பார்கள். இங்கேதான் சுருள் இன்னமும் சூடாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சூடு குறைந்ததால் நீர் குறைந்ததா, நீர் தீர்ந்ததால் குறைந்ததா? சாடிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கடைசிச் சோதனையாக வெக்கியூமை உலர்காற்றால் உடைத்து, ஒரு நாள் அப்படியே விட்டு, உள்ளே இருக்கும் வாயுவின் பனிபடுநிலையை அளப்போம். அந்த எண்ணையும் காகிதத்தின் வெப்பநிலையையும் பைப்பர் 1946இல் வெளியிட்ட சமநிலை வளைகோடுகளில் வைத்தால் காகிதத்தின் மேற்பரப்பில் எத்தனை சதவீத ஈரம் என்று படிக்கலாம். மேற்பரப்பு மட்டும்தான், தடித்த அட்டையின் நடுவை அது சொல்லாது.

எவ்வளவு காய்ந்தால் போதும்? புதிய மின்மாற்றி என்றால் அரைச் சதவீதத்துக்குக் கீழே. முப்பது வருசம் ஓடியதற்கு நான் அந்த எண்ணைக் கேட்க மாட்டேன். காகிதம் காயும்போது சுருங்கும், அட்டைகள் மெலியும், சுருளை மேலும் கீழும் இறுக்கிப் பிடித்திருக்கும் அழுத்தம் தளரும். அடுத்த முறை வெளியே எங்கேயோ ஒரு கம்பி அறுந்து குறுக்குச்சுற்று ஓடும்போது, தளர்ந்த சுருள் துள்ளி நொறுங்கும். நன்றாக உலர்த்தி நன்றாகவே கொன்ற கதைகள் இந்தத் தொழிலில் உண்டு. ஒன்று, மூடியைத் திறந்து திரும்ப இறுக்கும் வசதியோடு வேலையைத் திட்டமிட வேண்டும். முடியாதென்றால் ஒன்றரைச் சதவீதம் போல ஓர் இடத்தில் திருப்திப்பட வேண்டும். அறுந்த சங்கிலிகளை எந்த வெக்கியூமும் ஒட்ட வைக்காது. உலர்த்தல் இனி வரும் அழிவைத்தான் மெதுவாக்கும், போன வலுவைக் கொண்டு வராது. காசு கொடுக்கிறவரிடம் இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவேன். சில பேருக்குப் பிடிப்பதில்லை.

எண்ணெய் நிரப்புவதும் வெக்கியூமில்தான், அடியிலிருந்து, மெதுவாக. அவசரமாக நிரப்பினால் குமிழி அகப்படும். நிரப்பிய பிறகு எண்ணெய் அட்டைகளுக்குள் ஊற நேரம் விட வேண்டும், ஒரு நாளோ இரண்டு நாளோ. நிரப்பி முடிந்த அன்றே மின் கொடுக்கச் சொல்லித் தொலைபேசி வந்தபடி இருக்கும். அந்த அழைப்புகளை எடுக்காமல் இருப்பதும் வேலையின் ஒரு பகுதி.

நடுக்குடா போன்ற இடத்துக்கு இந்த வேலையை எந்த மாதத்தில் வைப்பது என்று அண்மையில் ஓர் இளைஞர் கேட்டார், பொறியியல் படித்துவிட்டு மன்னாரிலேயே இருக்க விரும்புகிறவர். காற்றாலையின் மின்மாற்றி ஒரே சீராக ஓடுவதில்லை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகத்தில் நிறைசுமை. டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வாடையில் இன்னொரு சுற்று. இடைப்பட்ட மார்ச், ஏப்ரலில் காற்று விழுந்து காற்றாடிகள் நின்று நின்று சுற்றும். மின்மாற்றி குளிரும், எண்ணெய் சுருங்கும், சுவாசி வழியாக வெளிக்காற்றை இழுக்கும், எண்ணெயிலிருந்த ஈரம் காகிதத்துக்குப் போய்ச் சேரும். மே மாதம் சோளகம் திடீரென்று பிடித்ததும் அந்தக் காகிதத்தின் மேல் முழுச் சுமையும் விழும். ஆகவே ஈரம் பார்க்கவும், பார்த்தது மோசமென்றால் உலர்த்தவும் ஏற்ற காலம் மார்ச் மாதம். மின்சாரத்தில் இழப்புக் குறைவு, தாங்கியிலிருந்து வெப்பத்தைத் திருடக் காற்றும் குறைவு, மழையும் அநேகமாக முடிந்திருக்கும். ஏப்ரலுக்குத் தள்ளினால் புத்தாண்டு விடுமுறையில் லொறியும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. நோன்பு மாதம் குறுக்கே வந்தால் இரவுப் பாளிக்குப் போதிய ஆட்களை முன்கூட்டியே பிடித்து வைக்க வேண்டும், பம்பை ஸஹருக்காக நிறுத்த முடியாது.

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். பம்பையும் உலர்காற்று இயந்திரத்தையும் தாங்கிக்கு வடக்குப் பக்கம், கடலுக்கு மறைவாக வைக்கச் சொன்னேன். உலர்காற்று இயந்திரத்தின் வாய்க்கு உப்புத்தூள் போனால் அதன் வடிகட்டி ஒரு கிழமைகூடத் தாங்காது, மாற்று வடிகட்டி தாம்போதிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்.